சர்வாயுதவர்க்கம்: விவிலியத்தின் போர்க்கோலமும் நம் வாழ்வின் ஆயத்தமும்

கொல்கத்தாவில் வாழும் தமிழர்களாகிய நமக்கு ஆயுதம் தாங்கிய தெய்வ வடிவம் புதிதன்று. மகாளயத்தன்று விடியற்காலை 4 மணிக்கு வானொலியில் சண்டி பாராயணம் ஒலிக்கும்போது ஊரே விழித்துக்கொள்கிறது. சிவன் சூலத்தையும் திருமால் சக்கரத்தையும் இந்திரன் வச்சிரத்தையும் கொடுக்க, இமவான் சிங்கத்தைக் கொடுக்க, பத்துக் கைகளோடு தேவி போருக்கு எழுகிறாள். அதே நாட்களில் நம் வீடுகளில் ஆயுதபூஜை. தையல் இயந்திரம், ஸ்கூட்டர், பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் வரை சந்தனப் பொட்டு வைத்துவிடுகிறோம். முருகனுக்கு வேல் இல்லாமல் உருவமே இல்லை. கந்த சஷ்டி கவசம் தெரியாத தமிழ் வீடு அரிது.

அப்படியிருக்க, கிறிஸ்தவத்தைப் பற்றி மட்டும், “அது அன்பு மதமாயிற்றே, அதில் எங்கே கத்தியும் கேடயமும்?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளோ வேறு மாதிரி கேட்கிறார்கள்: “ஏம்ப்பா, ஜெபம் பண்றதுக்கு எதுக்கு ஹெல்மெட்?” இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம். பல சமயத்தார் ஒரே மாடிக் கட்டடத்தில், ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் இந்த ஊரில், சமய நூல்களில் வரும் போர்ச் சொற்களை எப்படிப் புரிந்துகொள்வது என்பது ஏட்டுச் சிந்தனையன்று. அன்றாட வாழ்க்கைப் பிரச்சினை. ஆகவே அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பவுலடியார் கண்ட போர்வீரன்

விவிலியத்தில் போர்வீரன் உருவகம் முழுமையாக வரும் இடம் எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 6-ஆம் அதிகாரம். பவுலின் பெயரால் வழங்கும் இந்நிருபத்தை அவரே எழுதினாரா, அவருடைய சீடர் ஒருவர் எழுதினாரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நிருபம் தன்னைச் சிறையிலிருந்து எழுதப்பட்டதாகவே காட்டுகிறது. விலங்கிடப்பட்ட தூதன் என்று எழுதியவர் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். ரோமாபுரியில் பவுல் ஒரு போர்ச்சேவகனின் காவலில் தங்கியிருந்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரமும் கூறுகிறது. பகலும் இரவும் எதிரே ஒரு சிப்பாய் நின்றால், அவனுடைய கச்சையும் செருப்பும் தலைக்கவசமும் கண்ணில் படாமலா போகும்? காவல் காப்பவனின் உடுப்பையே கைதி உவமையாக எடுத்துக்கொண்டார் என்று எண்ணிப்பார்ப்பதில் ஒரு சுவை இருக்கிறது.

அதே சமயம் இந்த உருவகத்தின் வேர் ரோமச் சேனையில் மட்டும் இல்லை. ஏசாயா தீர்க்கதரிசியின் 59-ஆம் அதிகாரத்தில் கடவுளே நீதியை மார்க்கவசமாகவும் இரட்சிப்பைத் தலைக்கவசமாகவும் அணிந்துகொள்கிறார். 11-ஆம் அதிகாரத்தில் வரப்போகும் அரசனுக்கு நீதியே அரைக்கச்சை. 52-ஆம் அதிகாரத்தில் நற்செய்தி கொண்டுவருபவனின் பாதங்கள் போற்றப்படுகின்றன. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். எபேசியர் நிருபம் சொல்வது மனிதன் தானே செய்துகொண்ட கவசத்தை அன்று. கடவுள் அணிந்த கவசத்தை மனிதன் வாங்கி அணிவதை. தேவர்கள் ஒவ்வொருவராகக் கொடுத்த ஆயுதங்களால் தேவி போர்க்கோலம் பூண்ட கதையை அறிந்த நமக்கு, ‘கொடுக்கப்பட்ட ஆயுதம்’ என்ற கருத்து எளிதில் பிடிபடும். கதைகள் வேறு, கொள்கைகள் வேறு. ஆனால் ஆயுதம் தன்னுடையதன்று என்ற பணிவு இரண்டிலும் உண்டு.

சொற்களைப் பாருங்கள்

கிரேக்க மூலத்தில் ‘பனோப்ளியா’ என்ற சொல் வருகிறது. தலை முதல் கால் வரை முழுப் படைக்கலமும் பூண்ட நிலை என்பது பொருள். இதைத் தமிழ் வேதாகமம் ‘சர்வாயுதவர்க்கம்’ என்று பெயர்த்தது. தலைக்கவசத்துக்கு அங்கே ‘தலைச்சீரா’ என்று இருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியாது. ஆனால் பழைய தமிழில் ‘சீரா’ என்றால் கவசம். பாரசீகத்தில் கவசத்தைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது இது என்பர். வாளுக்கு வரும் ‘பட்டயம்’ என்ற சொல்லோ நமக்கு வேறு பொருளிலும் பழக்கம்: செப்புப் பட்டயம், நிலப் பட்டயம். வாளும் ஒன்றே, எழுதிக்கொடுத்த உறுதிமொழியும் ஒன்றே என்பதுபோல் அச்சொல் இருப்பதைச் சிந்திக்கலாம். ஏனெனில் நிருபத்தில் அந்த வாள் இரும்பு வாளன்று, இறைவனின் வார்த்தை.

வங்காள வேதாகமத்தில் இதே தலைக்கவசம் ‘சிரஸ்த்ராண்’ ஆகிறது. இங்கே நமக்கு ஒரு பெருமையான தொடர்பு உண்டு. தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலில் அச்சானது தரங்கம்பாடியில், 1714–15-இல், சீகன்பால்கு அவர்களின் முயற்சியால். வங்காளத்தில் புதிய ஏற்பாடு 1801-இல் வில்லியம் கேரி அவர்களால் சீராம்பூரில் அச்சானது. தரங்கம்பாடியும் சீராம்பூரும் அப்போது டேனிஷ்காரர்களின் குடியேற்றங்கள். இரண்டையுமே 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். ஹௌராவிலிருந்து லோக்கல் டிரெயினில் அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் சீராம்பூர், காவிரிக் கரைத் தமிழுக்கு ஒரு வகையில் உறவூர்!

எதிரி யார்?

போர் உருவகத்தில் ஆபத்து எங்கே இருக்கிறது? “எதிரி யார்” என்ற கேள்வியில்தான். பழைய ஏற்பாட்டில் யோசுவா நடத்தும் போர்கள் உவமைகள் அல்ல. இரத்தம் சிந்திய போர்களாகவே சொல்லப்பட்டுள்ளன. அவற்றை அப்படியே தங்களுக்குக் கட்டளையாக எடுத்துக்கொண்டவர்கள் வரலாற்றில் உண்டு. 1095-இல் தொடங்கிய சிலுவைப் போர் அழைப்பு அதற்குச் சான்று. ஆனால் அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்பே, மூன்றாம் நூற்றாண்டில், ஓரிகன் என்னும் திருச்சபைத் தந்தை யோசுவாவின் போர்களை மனிதன் தன் உள்ளத்துப் பாவங்களோடு நடத்தும் போராக விளக்கினார்.

எபேசியர் நிருபமே இதைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறது. நமது போராட்டம் இரத்தமும் சதையும் கொண்ட மனிதரோடு அன்று என்பது அதன் தெளிவான கருத்து. பக்கத்து வீட்டுக்காரர் எதிரி அல்லர்; வேறு மொழி பேசுபவர் எதிரி அல்லர்; வேறு கோயிலுக்குப் போகிறவர் எதிரி அல்லர். மனிதருக்கு மேலும் மனிதருக்கு உள்ளும் இருந்து ஆட்டிவைக்கும் தீமைதான் எதிரி. கெத்செமனேயில் பேதுரு உண்மையான வாளை உருவியபோது, அதை உறையில் போடு என்றுதான் இயேசு கட்டளையிட்டார். இதை விட்டுவிட்டு வாளை மட்டும் பிடித்துக்கொண்டால், உருவகம் தலைகீழாகிவிடும்.

கச்சை முதல் பட்டயம் வரை

இனி, ஆறு உறுப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது கச்சை, அதாவது சத்தியம். தளர்ந்து தொங்கும் உடையை இழுத்துக் கட்டினால்தான் வீரன் ஓடவோ நிற்கவோ முடியும். நம்ம ஊரில் வயலில் இறங்குமுன் வேட்டியை மடித்துக் கட்டுவார்களே, அதேதான். வாழ்க்கையில் பொய் இருந்தால் நடை தடுக்கும். எங்கே என்ன சொன்னோம் என்று நினைவு வைத்துக்கொள்வதிலேயே பாதிப் பலம் போய்விடும்.

இரண்டாவது மார்க்கவசம், நீதி. நெஞ்சைக் காப்பது நேர்மையான நடத்தை. மூன்றாவது பாதரட்சை. ரோமச் சிப்பாயின் செருப்பின் அடியில் இரும்பு ஆணிகள் அடித்திருப்பார்கள், வழுக்காமல் நிற்பதற்காக. இங்கேதான் ‘ஆயத்தம்’ என்ற சொல் வருகிறது. வியப்பு என்னவென்றால், போர்வீரன் காலில் மாட்டியிருப்பது சமாதானத்தின் நற்செய்திக்குரிய ஆயத்தம். போர்க்கோலத்தின் நடுவிலேயே சமாதானத்தை வைத்துவிட்டார் எழுதியவர்.

நான்காவது கேடகம், விசுவாசம். கிரேக்கத்தில் இதற்கு ‘தூரியோஸ்’ என்று பெயர். ‘தூரா’ என்றால் கதவு. ஏறக்குறைய நான்கு அடி உயரமுள்ள, கதவு போன்ற மரக் கேடயம். இதன் சிறப்பு, ஒருவன் கேடயம் பக்கத்தில் இருப்பவனையும் மறைக்கும் என்பது. வீரர்கள் கேடயங்களை அடுத்தடுத்து வைத்து, சிலர் தலைக்கு மேல் பிடித்து, ஆமை ஓடு போல் அணிவகுப்பார்கள். ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு இது நன்றாகவே புரியும். மருத்துவமனை வாசலில் நிற்கும்போதும், வேலை போனபோதும், ஒருவர் நம்பிக்கை குறைந்த வேளையில் இன்னொருவர் நம்பிக்கைதானே நம்மைத் தாங்கியது?

ஐந்தாவது தலைச்சீரா, இரட்சணியம். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் இதையே ‘நம்பிக்கை’ என்கிறார். மனச்சோர்வு முதலில் அடிப்பது தலையில்தான். ஆகவே தலைக்கு நம்பிக்கை. ஆறாவது பட்டயம், இறைவார்த்தை. மூலத்தில் வருவது ‘மக்காய்ரா’, அருகில் நின்று பிடிக்கும் குறுவாள். தூரத்திலிருந்து எறியும் ஈட்டியன்று. நூலை அலமாரியில் வைத்திருப்பதால் பயனில்லை, கைப்பழக்கம் வேண்டும்.

ஆறும் முடிந்தபின் ஏழாவது ஆயுதம் எதுவும் சொல்லப்படவில்லை. விழித்திருந்து ஜெபிக்க வேண்டும் என்று மட்டும் முடிகிறது. கவசம் பூண்டவன் தூங்கிவிட்டால் கவசத்தால் என்ன பயன்?

முதுகுக்குக் கவசம் இல்லை

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒரு குறை தெரியும்: முதுகுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர் இதைக் கவனித்தார். இளமையில் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் படையில் சேவை செய்தவர். பின்னாளில் சமயப் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்ஃபோர்ட் சிறையில் பல ஆண்டுகள் கிடந்தவர். 1678-இல் வெளிவந்த அவருடைய ‘மோட்சப் பிரயாண’க் கதையில், எதிரியைக் கண்டு நடுங்கும் கிறிஸ்தியான், திரும்பி ஓடினால் முதுகுக்குக் கவசம் இல்லையே என்று எண்ணித்தான் நின்று போராடுகிறான்.

அந்தக் கதையை மூலமாகக் கொண்டுதான் திருநெல்வேலிச் சீமையின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தை இயற்றினார். வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். 1894-இல் நூல் வெளிவந்தது. கம்பனின் விருத்த நடை அதில் அப்படியே ஓடுவதால், அவரைக் ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று போற்றினர்.

தமிழனுக்கு இந்த முதுகுச் செய்தி புதிதன்று. புறப்புண் பட்ட நாணத்தால் வெண்ணிப் போருக்குப் பின் வடக்கிருந்து உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனைப் புறநானூறு பாடுகிறது. மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டுச் சினந்து, களத்திற்குச் சென்று பிணங்களைப் புரட்டிப் பார்த்த முதிய தாயைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டுகிறார். எபேசியர் நிருபத்தின் அந்தச் சில வசனங்களில் ‘நிற்றல்’ என்ற வினை, எதிர்த்து நிற்றலையும் சேர்த்து, நான்கு முறை வருகிறது. ‘தாக்கு’ என்ற கட்டளை ஒரு முறைகூட இல்லை. இந்த வீரனின் வேலை பிறர் நாட்டைப் பிடிப்பதன்று. நின்ற இடத்தை விடாமல் நிற்பது.

நின்று காட்டியவர்கள்

உருவகம் உண்மையா என்பதை வாழ்க்கைதான் சோதிக்கும். மூன்று பேரைப் பார்ப்போம்.

முதலாமவர் நம் குமரி மண்ணின் நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனைப் பணியில் இருந்தவர். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின் அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்த டச்சுத் தளபதி டி லனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் கைதானார், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகப்பட்டார் என்பது மரபு. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனைக்கான அரசியல் காரணங்களைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் படைகளின் நடுவே வாழ்ந்த அவர் தமக்காக ஓர் ஆயுதமும் எடுக்கவில்லை, கொள்கையை விட்டு ஓடவுமில்லை என்றே குமரி மக்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். 2022 மே 15-இல் ரோமில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இரண்டாமவர் ஹாரி ஆண்ட்ரூஸ். இவரைப் பற்றிச் சொல்லுமுன் அவர் சார்ந்த இயக்கத்தைச் சொல்ல வேண்டும். போர் உருவகத்தைச் சீருடை, கொடி, பாண்டு வாத்தியம், ‘கேப்டன்’, ‘மேஜர்’ என்று முழுமையாக எடுத்துக்கொண்ட இயக்கம் சால்வேஷன் ஆர்மி. தமிழில் இரட்சணிய சேனை; இங்கே வடநாட்டில் ‘முக்தி ஃபௌஜ்’. சடர் தெருவில் அவர்களுடைய விடுதியைப் பார்க்காத கொல்கத்தாவாசி இல்லை. வில்லியம் பூத் 1865-இல் லண்டனில் தொடங்கிய பணிக்கு 1878-இல்தான் இந்தச் சேனைப் பெயர் வந்தது. 1882-இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஃபிரெடரிக் டக்கர், அன்றைய வங்க மாகாணத்து முங்கேரில் பிறந்தவர், ஐ.சி.எஸ். பதவியை உதறிவிட்டு வந்தவர்.

அந்தச் சேனையின் இளைஞராக வந்த ஆண்ட்ரூஸ், 1890-களில் நாகர்கோவிலில் ஒரு குளியலறையை மருந்தகமாக்கி நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் கேதரின் பூத் மருத்துவமனை. பின்னர் மருத்துவம் பயின்று, முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1919 அக்டோபரில் வஜீரிஸ்தானில், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே காயம்பட்டவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது உயிரிழந்தார். விக்டோரியா கிராஸ் என்னும் உயரிய வீர விருது அவருக்கு இறந்தபின் வழங்கப்பட்டது. யாரையும் கொன்றதற்காக அன்று, காப்பாற்றப் போனதற்காக.

மூன்றாமவர் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் மலைப்பிரசங்கத்தை நெஞ்சில் வைத்திருந்தவர். 1946 ஆகஸ்டில் இந்த நகரம் கண்ட படுகொலைகளை மூத்த குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை. மறு ஆண்டு, சுதந்திரம் வந்த வேளையில், காந்தியடிகள் பெலியகட்டாவின் ஹைதரி மன்ஸிலில் தங்கியிருந்தார். ஆகஸ்ட் 31 இரவு ஒரு கும்பல் அவ்வீட்டையே தாக்கியது. செப்டம்பர் 1-இல் அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். அப்போது மேற்கு வங்க ஆளுநராக இருந்தவர் நம் ராஜாஜி. அவரே வந்து வாதாடிப் பார்த்தார், அடிகள் அசையவில்லை. செப்டம்பர் 4-இல் நகரம் அடங்கியது. கலகக்காரர்கள் தங்கள் ஆயுதங்களைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார்கள். அந்த வீடு இன்று காந்தி பவன். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுங்கள். ‘சமாதானத்துக்கான ஆயத்தம்’ என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நம் ஊரில் வேறில்லை.

ஆயத்தம் என்பது என்ன?

மீதியானியரோடு போருக்குப் புறப்பட்ட கிதியோனிடம் 32,000 பேர் இருந்தார்கள். பயப்படுகிறவர்கள் போகலாம் என்றதும் 22,000 பேர் போய்விட்டார்கள். மீதி 10,000 பேரும் தண்ணீர் குடித்த விதத்தைப் பார்த்து 300 பேர் மட்டும் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். போர்க்களத்தில் அல்ல, தண்ணீர்த் துறையில் நடந்தது சோதனை. அன்றாடச் சின்னச் செயலில்தான் ஆயத்தம் வெளிப்படும். சவுல் அரசனின் கவசத்தைப் போட்டுப் பார்த்த தாவீதோ, இது எனக்குப் பழக்கமில்லை என்று கழற்றிவிட்டு, தனக்குத் தெரிந்த கவணையும் ஐந்து கூழாங்கற்களையும் எடுத்துக்கொண்டான். பிறருடைய பக்தியை இரவல் வாங்கிப் போட்டால் அளவு பொருந்தாது.

நம் நகரத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1756 முற்றுகைக்குப் பின் வில்லியம் கோட்டையைப் புதிதாகக் கட்டியபோது, பீரங்கிக் குறிக்கு மறைவு இருக்கக் கூடாது என்று சுற்றியிருந்த காட்டை வெட்டி வெளியாக்கினார்கள். இப்போது விஜய் துர்க் எனப் பெயர் மாறியுள்ள அந்தக் கோட்டையிலிருந்து போரில் ஒரு குண்டுகூடச் சுட நேரவில்லை என்பார்கள். காட்டை வெட்டிய அந்த வெளிதான் மைதான்; இன்று நம் பிள்ளைகள் அங்கே கால்பந்து ஆடுகிறார்கள். ஆயத்தத்தின் முதல் வேலை ஆயுதம் சேர்ப்பதன்று. மறைவிடங்களை நீக்கி மனத்தை வெளியாக்குவது. அப்படி வெளியாக்கிய மனத்தில் பகைக்கு ஒளிய இடமிருக்காது, பிறருக்கு இடமிருக்கும்.

கந்த சஷ்டி கவசத்தில் பக்தர் ஒவ்வோர் உறுப்பையும் சொல்லி, வேல் காக்க வேண்டும் என்று வேண்டுகிறார். எபேசியர் நிருபத்தில் விசுவாசி ஒவ்வோர் ஆயுதத்தையும் தானே எடுத்து அணிந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார். ஒன்று காப்பாற்று என்கிறது, மற்றொன்று அணிந்துகொள் என்கிறது. இரண்டையும் ஓதுகிறவர்கள் ஒரே கட்டடத்தின் இரு தளங்களில் வாழ்கிறார்கள். காலையில் எழுந்து செருப்பு மாட்டி வெளியே போகுமுன், இன்று பொய் சொல்லாமல், அநீதிக்கு இணங்காமல், பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கேடயமாக நிற்க முடியுமா என்று ஒரு நிமிடம் எண்ணிக்கொண்டால், அதுவே சர்வாயுதவர்க்கம். பிள்ளைகள் கேட்ட அந்த ஹெல்மெட் கேள்விக்கு இதையே விடையாகச் சொல்லலாம்.